ஏற்புரை எழுதியவன்

எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற பதினோரு கோப்பைகள் இருந்தன. அதன் கதவின் உட்புறத்திலோ, பம்மலில் எங்கள் தெருவில் வளர்ந்து இந்திய அணிக்குக் கால்பந்து ஆடியவரின் பத்திரிகைப் படங்களை அப்பா ஒட்டிவைத்திருந்தார். கோப்பையை எடுக்கக் கதவைத் திறந்தால் அவர் முகம்தான் முதலில் வரும். எண்பதுகளில் அவர் ஆடிய உள்ளூர் ஆட்டம் எதையும் அப்பா தவறவிட்டதில்லை. நான் ஏறிய மேடை எதன் முன்னும் வந்து அமர்ந்ததில்லை.

தொண்ணூறுகளில், முழங்கால் கெட்டு ஆட்டத்தை விட்டிருந்த அவரையே தேசிய அணியின் பயிற்சியாளராக நியமித்தார்கள். தெருவே கூடிப் பாராட்டு விழா எடுத்தது. வரவேற்புரை எனக்கு. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, கடைசியில ஏற்புரைன்னு நான் ஒண்ணு பேசணுமாமே. மைக்கைப் பாத்தாலே பேஜாரா கீது. நீ எழுதிக் குடு, படிச்சுட்டுப் போயிடறேன்.”

“தாராளமாண்ணா,” என்றேன்.

எழுதினேன். பழகாத நாவுக்கு எங்கே மூச்சு விடுவதென்று தெரியாதபடி, அடுக்கடுக்கான நீண்ட வாக்கியங்களாக, வேண்டுமென்றே எழுதினேன். அவர் தடுமாற வேண்டும். முன்வரிசையில் அமர்ந்து அப்பா எங்கள் இருவரையும் ஒப்பிட வேண்டும்.

விழாவில் என் வரவேற்புரை குறையின்றி அமைந்தது. அப்பாவோ, மாலைகளுக்கு நடுவே அவர் முகம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்புரைக்கு எழுந்தவர் முதல் வாக்கியத்தின் பாதியில் நின்றார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் நின்றார். நான் காத்திருந்த கணம் அது. அவர் சிரித்துவிட்டார்.

“இத எழுதினது நம்ம தம்பி. என் வாயில நுழைய மாட்டேங்குது. அவனே படிக்கட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“தலைவரு பந்த பாஸ் குடுத்துட்டாருப்பா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழ, எல்லோரும் சிரித்தார்கள்.

தாளை வாங்கினேன். ஒலிபெருக்கியின் முன் நின்றுவிட்டால் என்னால் மோசமாகப் பேச இயலாது. அப்படிப் பழக்கப்பட்டவன் நான். “மழை பெய்து சேறான மைதானத்தில், காலணியின்றி, நடுவரின் விசில் கேட்காத தூரம்வரை ஓடியவன் நான்...” என்று என் குரல் ஏறியது. எந்தச் சொல்லில் நிறுத்தினால் கை தட்டுவார்களோ அந்தச் சொல்லில் நிறுத்தினேன். தட்டினார்கள். ஆனால் எல்லாக் கண்களும் என் தோளுக்கு அப்பால் நின்ற அவரையே பார்த்தன. அப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்து அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். எங்கள் வாசலை நெருங்கியதும் அப்பா நின்றார்.

“சேத்துல ஓடி ஆடினவன் மனசுக்குள்ள எவ்வளவு இருந்திருக்கு, பாத்தியாடா!”

அந்தத் தாளைப் பதினோரு கோப்பைகளுக்குப் பின்னால் வைக்க அலமாரிக் கதவைத் திறந்தேன்; அவர் முகம்தான் முதலில் வந்தது.