எட்டாவது வார வீட்டுப்பாடம்

தையல்காரியின் முன்னறைக்குப் பத்து வாரம் தங்க வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்தது. தொண்டு செய்ய வந்தவர்கள். வேலைக்கு அனுப்புமுன் ஒரு குடும்பத்தோடு இருந்து பேச்சும் பழக்கமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பயிற்சி மையத்து ஆள் முதலிலேயே வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலில் கம்பி இருக்கிறதா, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பீர்களா என்று ஆயிரம் கேள்வி. மகள் தன் துணிமணிகளை வாரிக்கொண்டு தையல் மெஷின் இருந்த அறைக்கு மாறினாள்.

புருஷன்காரன் முதல் நாளே மூன்று தடவை வாசல் நிலையில் மண்டையை இடித்துக்கொண்டான். மகள் அவனுக்கு நெட்டை என்று பேர் வைத்தாள். பொண்டாட்டி எதைப் பார்த்தாலும் எழுதிக்கொண்டே இருந்ததால் அவள் நோட்டு. ஒற்றைச் சட்டையைத் துவைக்க இருவருமாகச் சேர்ந்து அரைக் கட்டி சோப்பைக் கரைத்தார்கள். "விடும்மா, சட்டை வெளுக்காட்டியும் தரை வெளுத்துடும்" என்றாள் மகள். தையல்காரி வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. மகளுக்கு முப்பது வயது, மருந்துக்கடையில் வேலை. பதினொரு வருஷத்துக்கு முன் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாள். தோழிகளுக்கெல்லாம் கடிதம் வந்தது, இவளுக்கு மட்டும் வரவில்லை. "நம்ம மண்டைக்கு அவ்வளவுதான்" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் கடிதம் வந்தது. தையல்காரிதான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அப்போது கணவர் படுத்த படுக்கை. ஆளைப் புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். இவளும் போய்விட்டால் என்ன செய்வேன்? கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாள். மூன்று வருஷத்தில் கணவர் போய்ச் சேர்ந்தார். மகள் இருந்தாள். அவளுக்கு இது தெரிந்தால் இருக்க மாட்டாள் என்று தையல்காரி நிச்சயமாக நம்பினாள். அந்த நினைப்போடுதான் அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் நர்ஸ் உடை தைத்துக்கொண்டிருந்தாள். பாவம் செய்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான பிழைப்பு கிடைக்காது.

பயிற்சி மையத்தில் வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். ஒரு வாரம் பாத்திரங்களின் பெயர், ஒரு வாரம் சொந்தக்காரர்களின் முறை. எட்டாவது வாரம், மகள் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நோட்டு மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க வாழ்க்கைல எந்த நாள மாத்தணும்னு ஆசை?"

தையல்காரி காலை மெஷினிலிருந்து எடுத்தாள். எட்டு வாரப் பேச்சு, இவளுக்கு என்ன புரியப்போகிறது? இன்னும் பதினைந்து நாளில் கண்காணாத ஊருக்குப் போய்விடுவாள். சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், மூச்சு விடாமல், மடியில் கிடந்த வெள்ளைத் துணியில் மூக்கைச் சிந்திக்கொண்டு. நோட்டு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

"எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத, தாயி."

நோட்டு தலையாட்டினாள். அன்று தையல்காரி நன்றாகத் தூங்கினாள்.

பத்தாவது வாரக் கடைசியில் மையத்தில் விழா. வீடு கொடுத்த குடும்பங்களுக்கெல்லாம் அழைப்பு. தையல்காரி டீ வாங்கக் கூட்டத்தில் நின்றபோது, மகள் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. தையல்காரிக்கு எதுவும் புரியவில்லை, ஆனாலும் கால் தானாக அங்கே போனது.

நோட்டின் குண்டு குண்டு எழுத்து. தலைப்பு: எங்கள் வீட்டு அம்மா மாற்ற விரும்பும் நாள். கடிதம், தபால்காரர், அடுப்பு, எதுவும் விடுபடவில்லை. கடைசி வரி: "இதை என் மகளிடம் சொல்லிவிடாதே என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்." அதன் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: அருமையான முடிவு.

நல்லது செய்ய வந்தவள்தான், யார் இல்லை என்றது? சொல்லாதே என்றதையும் சேர்த்து எழுதினால்தான் பாடம் முழுசாகும் என்று நினைத்தாள். அந்த அக்கறைக்குத்தான் முதல் பரிசு.

"அம்மா! எனக்கு ஃபர்ஸ்ட்!" என்று நோட்டு ஓடிவந்து தையல்காரியைக் கட்டிக்கொண்டாள். படம் எடுக்க வேண்டும் என்று அம்மாவையும் மகளையும் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். நெட்டை குனிந்து படம் எடுத்தான். மகள் மரியாதையாகச் சிரித்தாள், நோட்டுக்கு வாழ்த்துச் சொன்னாள், இனிமேல் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திட்டட்டும், அறையட்டும், இறங்கிப் போகட்டும் என்று தையல்காரி கல்லாக இருந்தாள்.

"என்னிக்கு வந்து சேரச் சொல்லியிருந்தாங்க?"

"பதினேழு."

"பதினேழாம் தேதிகூட தபால்காரர நிறுத்திக் கேட்டேன். நீயும் பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

இரண்டு நிறுத்தம் போனது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்றப்ப அழுதியா?"

"அழுதேன்டி."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட அழுதிருந்தா நானே அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டிருப்பேனேம்மா."