சனிக்கிழமை சாகாத தண்டவாளம்

அவளை எல்லோரும் லாம்பு என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதுவும் சோப்புத் தண்ணீர் பட்டுப் பாதி அழிந்துவிட்டது.

பாதாள ரயில் நிலையத்தில் அவளுக்கு இரவுத் துப்புரவு வேலை. கடைசி வண்டி போனதும் வாசலில் இரும்பு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஒரு மணிக்குத் தண்டவாளத்தின் கரண்டை நிறுத்துவார்கள். பிறகு ஒன்பது பேர் கீழே இறங்கி, பகலெல்லாம் ஜனங்கள் வீசிய குப்பையைப் பொறுக்க வேண்டும். நிறுத்தியாச்சு என்று போனில் சொன்னால் மட்டும் போதாது. இரண்டு நீள மரக்கைப்பிடிக்கு நடுவே பல்பு கட்டிய லாம்பை, பிளாட்பாரத்திலிருந்தே குனிந்து, தண்டவாளத்தின் ஓரமாகக் கரண்ட் ஓடும் கம்பியில் வைத்துப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால் கம்பிக்கு உயிர் இருக்கிறது, எரியாவிட்டால் செத்துவிட்டது. மேஸ்திரி மூன்று தடவை "செத்தாச்சா?" என்று கேட்பார். லாம்பு பிடிப்பவர் மூன்று தடவை "செத்தாச்சு!" என்று சொல்லியாக வேண்டும். மூன்றாவது பதில் காதில் விழாமல் ஒரு கால்கூடக் கீழே இறங்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரே வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அந்த லாம்பு முதலில் அவள் புருஷன் கையில் இருந்தது. பதினாறு வருஷம் பிடித்தான். எவ்வளவு குடித்திருந்தாலும் அந்த வார்த்தையில் மட்டும் விளையாட மாட்டான். வேலையில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. வீட்டுக்கு வந்தால்தான் வாய்க்கு முன்னால் கை பேசும். அவளுக்கு இடது காது பாதிதான் கேட்கும், அது அவன் அறைந்த காது. முன்பல் ஒன்று கட்டியது, அது அவன் எட்டி உதைத்த நாளின் கணக்கு. விலா எலும்பு இரண்டு தடவை முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் படிக்கட்டில் விழுந்தேன் என்பாள். அவர்கள் குடியிருந்ததோ தரைத்தளத்தில்.

ஒருநாள் அவன் சூப்பர்வைசரின் தாடையைப் பெயர்த்துவிட்டான். ஊரில் பொண்டாட்டியின் எலும்பு முறிந்தால் அது குடும்பச் சண்டை, சூப்பர்வைசரின் எலும்பு முறிந்தால்தான் குற்றம். அவனுக்கு வேலை போனது. மேஸ்திரி யோசித்து, கும்பலிலேயே நிதானமான ஆள் என்று, லாம்பை அவளிடம் கொடுத்தார்.

அன்று காலை வீட்டுக்கு வந்தவளை அவன் கதவருகே நிறுத்தினான்.

"எந்தக் கையால பிடிச்ச?"

அவள் வாய் திறப்பதற்குள் அவன் அவள் வலது கையைப் பிடித்து நிலையில் வைத்துக் கதவை அறைந்தான். மூன்று விரல் முறிந்தது. அவள் அதே கோலத்தில் தங்கச்சி வீட்டு மாடி அறைக்குப் போனவள்தான், திரும்பவே இல்லை. ஆறு வாரம் இடது கையாலேயே லாம்பு பிடித்தாள்.

விட்டானா? வாரம் தவறாமல் சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு வந்து ஷட்டரைப் பிடித்து உலுக்குவான். "வெளிய வாடி! இன்னைக்கு உன்னைக் கொல்லாம போறதில்ல!" என்று தொண்டை கிழியக் கத்துவான். உள்ளே அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவன் குரல் கரகரத்து அடங்கும்போது மணி மூன்றாகியிருக்கும். காலையில் கும்பலோடு கும்பலாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் வந்து நின்ற ஒரே பெரிய மனுஷன் அந்த ஷட்டர்தான்.

அந்த ஷட்டரைத்தான் திறந்து போட்டார்கள். இனி வெள்ளியும் சனியும் விடிய விடிய ரயில். ரிப்பன் வெட்டினார்கள், பலூன் கட்டினார்கள், பாண்டு வாசித்தார்கள். அந்த இரண்டு ராத்திரியும் கரண்டை நிறுத்த மாட்டார்கள், தண்டவாள வேலை கிடையாது. கும்பலைப் பிரித்து, நிலையத்துக்கு நிலையம் அனுப்பி, ஒரு பிளாட்பாரத்துக்கு ஒரே ஆள் என்று போட்டார்கள்.

அவள் நிலைய அதிகாரியிடம் போனாள். "சார், சனிக்கிழமை மட்டும் எனக்கு லீவு குடுங்க. இல்லேன்னா கூட ஒரு ஆள் போடுங்க. ஷட்டர் இல்லேன்னா அவன் வந்துடுவான்."

"யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

அதிகாரி சிரித்தார். "ஏம்மா, ஊர் ஜனமே ராத்திரி ரயில் வேணும்னு தவம் கிடக்குது. உன் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கிட்டு வந்தா நான் எப்படித் தடுக்க முடியும்?"

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அவனுக்குப் பதில் ஊரே வந்தது. பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பேர் உட்காரும் இடத்துக்காக மோதிக்கொண்டார்கள். ஒருவன் பாட்டிலை மற்றவன் மண்டையில் உடைத்தான், அடிபட்டவன் அவன் காதைக் கடித்தான். வண்டி வந்ததும் இரண்டு பேரும் அதே வண்டியில் ஏறிப் போனார்கள். அவள் கண்ணாடித் துண்டையும் ரத்தத்தையும் வழித்து எடுத்தபோது நடுவில் ஒரு பல் கிடந்தது. அதைப் பார்த்து அவள் நாக்கு தன்னால் தன் கட்டின பல்லைத் தொட்டது.

சனிக்கிழமை அவன் வந்தான். ரயிலேறியே வந்தான். ஆனால் எதிர்ப் பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டான். அவன் வந்த வண்டி போனதும், இரண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் கழுத்து உடைந்த பாட்டில். மணி ஒன்றே முக்கால். இந்தப் பக்கம் பெஞ்சில் படுத்துக் குறட்டை விடும் ஒரு குடிகாரனைத் தவிர வேறு ஆளில்லை.

"ஷட்டர் எங்கடி?" என்றான். "இப்ப எங்கடி போய் ஒளிவ?"

அவசர போனை எடுத்தாள். காவல்காரர்கள் வாசலில் இன்னொரு அடிதடியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்களாம், வருவார்களாம்.

அவன் பிளாட்பார விளிம்புக்கு வந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டான். ரயில் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாதா? அதில்தானே வந்தான். ஆனால் எதிரே கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது. பதினாறு வருஷம் அந்த நேரத்தில் இறங்கிப் பழகிய கால். அந்தக் காலுக்கு ஒரு மணிக்கு மேல் கம்பி செத்ததுதான். அதைவிட, பதினாறு வருஷம் பதில் சொன்ன அந்த வாய்க்கு மேஸ்திரியின் கேள்வியும் பழகிப்போயிருந்தது. இப்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள். குடியிலும் கோபத்திலும்கூட அது தானாக வந்தது.

"செத்தாச்சா?"

அவள் கையிலிருந்த துடைப்பம் நின்றது.

ஒரே வார்த்தை. மூன்று தடவை சொன்னால் முடிந்தது. காது, பல், விலா, விரல் எல்லாவற்றுக்கும் அங்கேயே தீர்ப்பு. பார்ப்பவன் ஒருவனுமில்லை. அவள் நல்லவள்தான், ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு அவன் சாக வேண்டும் என்றுதான் இருந்தது. வார்த்தை நாக்கில் வந்து நின்றது.

"செத்தாச்சா?" இரண்டாவது தடவை கேட்டான். கால் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

"சாகல!" அவள் அலறினாள். "சாகலய்யா! சனிக்கிழமை கரண்ட் ஓடுது! காலை எடு!"

அவன் காலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் விழுந்தான். வாழ்நாளில் அவள் சொன்ன எதையும் நம்பாதவன் அதை மட்டும் நம்பினான். கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினான். பிறகு எழுந்து, பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு, இரண்டு பிளாட்பாரத்தையும் இணைக்கும் மேம்பாலப் படியை நோக்கி நடந்தான்.

அவளுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. ஓடிப் போகலாம் என்றால், வெளியே போகவும் அதே படிதான். சோப்புத் தண்ணீர் வாளி முழுவதையும் கடைசி ஐந்து படியில் கொட்டினாள். கையோடு 'வழுக்கும், கவனம்' என்ற மஞ்சள் போர்டையும் எடுத்துப் படிக்கு நேரே வைத்தாள். விதி என்றால் விதிதானே. பிறகு தரையில் ஒட்டிய சூயிங்கம்மைப் பெயர்க்கும் நீளக் கைப்பிடிச் சுரண்டியை எடுத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள்.

அவன் போர்டைப் படிக்கவில்லை. ஐந்து படியையும் முதுகாலேயே இறங்கினான். எழுவதற்குள் சுரண்டி அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கு நல்ல காதிலும் கேட்டது, கெட்ட காதிலும் கேட்டது. அவன் கிடந்தபடியே பாட்டிலைச் சுழற்றினான், அவள் முன்கையில் சதை பிளந்தது. குனிந்தவளின் முடியைப் பிடித்து இழுத்து முகத்தைத் தூணில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். கட்டின பல் மறுபடி போனது. அவள் அந்த ரத்தத்தை அவன் கண்ணிலேயே துப்பிவிட்டு, பாட்டில் பிடித்த மணிக்கட்டை இரும்பால் அடித்தாள். மறுபடி அடித்தாள். விரல்கள் விரியும்வரை அடித்தாள். பிறகும் நிறுத்தத் தோன்றாமல் இன்னும் இரண்டு அடித்தாள்.

காவல்காரர்கள் வந்தபோது அவன் படியடியில் புழுவாய்ச் சுருண்டு கிடந்தான். பெஞ்சில் குறட்டை விட்ட குடிகாரன் மட்டும் புரண்டு படுத்தான்.

"ஏண்டி," என்றான் புருஷன் அழுகையோடு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீந்திருக்குமே. ஏண்டி சொல்லல?"

அவள் கிழிந்த உதட்டைக் கையால் அழுத்திக்கொண்டு வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொலை முயற்சி வழக்கில் உள்ளே தள்ளினார்கள். அதிகாரி மறுநாளே சனிக்கிழமைக்குப் பிளாட்பாரத்துக்கு இரண்டு ஆள் என்று உத்தரவு போட்டார். ரத்தம் பார்த்தால்தான் சில பேனா எழுதும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷட்டர் இறங்கியது. ஒரு மணிக்குக் கரண்ட் நின்றது. முன்கையில் பதினான்கு தையலோடு அவள் வேலைக்கு வந்திருந்தாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா? மேஸ்திரி லாம்பைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் லாம்பு, நானா இருந்தா செத்தாச்சுன்னு சொல்லியிருப்பேன்."

"எனக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு மேஸ்திரி," என்றாள், வீங்கிய உதட்டால் குழறியபடி. "அப்புறம் உங்க எட்டுப் பேர் காலும் கண்ணுல தெரிஞ்சுது."

அவள் குனிந்து லாம்பைக் கம்பியில் வைத்தாள். பல்பு எரியவில்லை.

"செத்தாச்சா?"

"செத்தாச்சு."

"செத்தாச்சா?"

"செத்தாச்சு."

"செத்தாச்சா?"

"செத்தாச்சு."

எட்டுப் பேரும் குனிந்துகூடப் பார்க்காமல் இறங்கினார்கள்.