பேனர் கடையில் கிடைத்த முகம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. மறதியும் ஜாஸ்தி. பொறுத்துக்கொண்டு படியுங்கள். சாமி மாடத்தில் இருக்கும் அம்மா படத்தைத் துடைக்கும்போதெல்லாம் சிதம்பரத்துப் பேனர் கடை பாய் நினைவு வருகிறது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால், சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். பூவாடைக்காரி படையல் என்போம். எங்கள் வீட்டில் அது அம்மாவுக்கு. காடாம்புலியூரில் முந்திரி உடைத்தவள். போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. அவள் போனபோது நான் சின்னப்பிள்ளை, முகம் நினைவில்லை. இத்தனை வருஷமும் வெறும் சேலையைத்தான் கும்பிட்டேன். பேத்தி கல்யாணத்துக்காவது ஒரு முகத்தைப் பார்த்துக் கும்பிட ஆசைப்பட்டேன்.

பாய் கடைக் கம்ப்யூட்டரில் விவரம் சொன்னால் அதுவே படம் வரையும் என்றார்கள். கூச்சத்தோடு போய் உட்கார்ந்தேன். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டார். தெரிந்தால்தானே சொல்வேன்? முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள், என் மூக்கும் நெற்றியும் அவளுடையது என்று அக்கா சொன்னது, அவ்வளவுதான் சொன்னேன். தட்டினார். கழுத்து நிறைய நகையோடு, சிவப்பாக ஒருத்தி வந்தாள்.

“பாய், இது நகைக்கடை விளம்பரத்துல வர்ற பொம்பள.”

அடுத்து வந்தவளுக்கு ஒரு கையில் ஆறு விரல். “முந்திரி ஜாஸ்தி ஒடைக்கட்டும்னு குடுத்திருக்கும்மா,” என்றார். சிரித்ததில் என் கூச்சம் போயிற்று. மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு, சலிக்காமல் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று வந்தது. முந்திரி வறுக்கிற புகைக்கு முகத்தைத் திருப்பி, ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு ஒருத்தி.

“பொகைன்னு நீங்களும் சொல்லல, நானும் எழுதல. அதுவா போட்டிருக்கும்மா,” என்று பாயே அசந்துபோனார்.

சட்டம் போட்டுக் கடலூரில் இருக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். அம்மா முகம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இல்லை என்று சொல்லிவிட்டால் மறுபடி வெறும் சேலைதான். வெகுநேரம் பார்த்தாள்.

“மூக்குத்தி இந்தப் பக்கம் இல்லடி.”

படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவளோ முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். “பாவம்டி, அம்மாவுக்குக் கண்ணு எரியுது பாரு.”

அந்தப் புகை கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்கு விளங்கவில்லை. பாய்க்கும் அதற்கும் சேர்த்தே மாடத்தில் விளக்கேற்றுகிறேன். அக்காவுக்கும் வயதாகிவிட்டது, பக்கத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். காடாம்புலியூர்ப் பக்கம் அம்மாவைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். பாய் மாற்றித் தருவார். கண்ணை மட்டும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.