ரயில் இல்லாத வருடங்களில் நான் கொடுத்த அனுமதி

ரயிலே ஓடாத பாதையில் பத்து வருடத்துக்கு மேல் ரயில்வே வேலை பார்த்தவன் நான். இதைச் சொன்னால் தேனி அல்லிநகரத்தில் எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

மதுரைக்கும் போடிக்கும் ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலை, அகலப் பாதை போடப் போகிறோம் என்று நிறுத்தினார்கள். என்னோடு இருந்த கேங்மேன்களை வெவ்வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கிடக்கிற சாமான்களுக்குக் காவலாக இரண்டு மூன்று பேரை மட்டும் இங்கேயே விட்டார்கள். அதில் நான் ஒருவன். நான் கீமேன். தினமும் காலையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடியோடு என் பங்குக்கு உள்ள தூரத்தை நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகள் எங்காவது தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவதுதான் கீமேன் வேலை. ரயில் நின்ற பிறகும் நடந்தேன். தண்டவாளத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும், வெறும் மண்மேட்டின் மேல் தேனியிலிருந்து ஆண்டிபட்டிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்து திரும்பினேன். காலுக்குப் பழகிப்போயிருந்தது.

இந்தப் பாதைக்கும் இது புதிதல்ல. மலையில் விளையும் ஏலக்காயையும் காப்பியையும் கீழே கொண்டுபோக வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட பாதை இது. போட்டுச் சில வருடத்திலேயே உலகப் போர் வந்தது. இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் திரும்பப் போட்டார்கள். ஆக, ஒரு தடவை பறிகொடுத்துப் பழகிய ஊர். இரண்டாவது தடவையும் பெயர்த்தபோது மனுக் கொடுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மண்மேடு சும்மா கிடந்தது. அதில் சோளம் காய்ந்தது, ஆடு மேய்ந்தது, பைக் ஓடியது, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இதற்கெல்லாம் என்னிடம் வந்து கேட்டார்கள். கேட்காமல் செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அடுத்தவர் இடத்தில் ஒரு ஆட்டைக் கட்டுவதென்றாலும் ஒரு வார்த்தை கேட்டால்தான் மனசு ஒப்பும். இடம் ரயில்வேயுடையது. அங்கே நடமாடுகிற ஒரே ரயில்வே நான்.

“ஏப்பா ரயில்வே, இங்கன சோளம் காயப்போட்டுக்கிறட்டா?”

“போடுங்க, போடுங்க” என்பேன், ஏதோ என் தாத்தா சொத்து போல.

வீட்டில் டிவி சேனலை மாற்றக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. மண்மேட்டில் ஏறிவிட்டால் நான்தான் ஜெனரல் மேனேஜர். தலையை ஆட்டி ஆட்டி எத்தனையோ பேருக்கு அனுமதி கொடுத்தேன். பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் இல்லாத அனுமதிகள். ஒன்றைத் தவிர.

பாதையை ஒட்டி ஒரு விவசாயிக்கு வாழைத் தோட்டம் இருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான் நடந்து போகிற நேரத்தில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பார். தூக்குச் சட்டியில் இருந்து எனக்கும் ஒரு டம்ளர் டீ வரும். பெரிதாகப் பேச மாட்டார். எங்கள் பாதைக்கு அடியில் ஒரு சின்னப் பாலம் உண்டு. மழைத் தண்ணீர் வடபக்கத்திலிருந்து அதன் வழியாக நுழைந்து, தென்பக்கம் அவருடைய தோட்டத்தை ஒட்டி ரயில்வே நிலத்தில் உள்ள ஓடையில் போய்ச் சேரும். அந்த ஓடை பல வருடமாகக் காய்ந்து கிடந்தது. ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இந்த ஓடைய மூடிக்கிட்டா லாரி தோட்டத்துக்குள்ளயே வந்துரும்ப்பா. தாரத் தலைச்சுமையாத் தூக்க வேண்டியதில்ல. ரயிலும் காணோம், தண்ணியும் காணோம். ஒங்க ஆபீஸ்ல எதுவும் சொல்லுவாகளா?”

“யாரு சொல்லப் போறாக? மூடுங்கண்ணே” என்றேன்.

மூடினார். அடுத்த நாள் மோட்டார் ரூம் வாசலில் எனக்காக ஒரு சீப்புப் பழம் காத்திருந்தது. நன்றாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒருவழியாக அகலப் பாதை வேலை எங்கள் பக்கம் வந்தது. பழைய சின்னப் பாலத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டினார்கள். தண்ணீர் இதிலிருந்து எந்தப் பக்கம் போகும் என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். லாரிப் பாதையாகிப்போன ஓடையைக் காட்டினால் யார் மூடியது என்று கேள்வி வரும். பக்கத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. அதைக் காட்டி, “இது போதும், தண்ணியே வராது” என்று சொல்லிவிட்டேன். வருடாவருடம் ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால் சர்ச்சில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற குடும்பம் எங்களுடையது. இந்தப் பொய்யை மட்டும் நான் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

ரயில் திரும்ப வந்த நாளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கதையாகிவிடும். ஜனங்கள் இன்ஜினுக்கு மாலை போட்டார்கள். புது வண்டி வாங்கினால் செய்வது போலச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனவரை நாங்கள் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. நான் என் சிவப்புக் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று அழுதேன். என் வேலைக்குத் திரும்ப ஒரு அர்த்தம் வந்துவிட்டதே என்ற சந்தோஷம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஐப்பசி மழைதான் என்னைப் பிடித்தது. ராத்திரி முழுக்க ஊற்றி, விடிந்தும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதுரையிலிருந்து வரும் காலை ரயில் ஆண்டிபட்டியை நெருங்கிக்கொண்டிருக்கும் நேரம். வடபக்கம் குளம் போலத் தண்ணீர் நின்றது. பாலத்தின் வாய் முழுகிவிட்டது. நான் காட்டிய வாய்க்கால் கொள்ளாமல், தென்பக்கம் போக வழியில்லாமல், தண்ணீர் ஜல்லிக்குக் கீழே உள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடை அளவு மண் பொத்தென்று விழுந்தது.

தேனி ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரயில் ஆண்டிபட்டியை விட்டுக் கிளம்பிவிட்டது என்றார்கள். பாலத்துக்கு முன்னால் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, ரயில் வரும் திசையில் ஓடினேன். எங்களிடம் பட்டாசு என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் கட்டி வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் பிரேக் பிடிப்பார். அதைக் கட்டிவிட்டு இன்னொரு கொடியை ஆட்டிக்கொண்டு நின்றேன். பட்டாசு வெடித்தது. ரயில் நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு இனி ஆபத்தில்லை.

ஆனால் தண்டவாளம் கிடக்கிற கரை? அது உடைந்தால் பாதை மறுபடி நின்றுபோகும். எத்தனை மாதமோ, யாருக்குத் தெரியும்? இரண்டு தடவை பறிகொடுத்த ஊர், மூன்றாவது தடவை என்னால் பறிகொடுக்கப் போகிறது. திரும்பப் பாலத்துக்கு ஓடி வரும்போது என் மனசில் அது ஒன்றுதான் இருந்தது.

வாழைத் தோட்டத்து அண்ணன் அங்கே நின்றிருந்தார். தலையில் உரச் சாக்கு, கையில் மம்பட்டி. கரையைப் பார்த்தார், தன் தோட்டத்தைப் பார்த்தார். நான் அவரிடம் என்னவென்று கேட்பேன்? அவருடைய வாழை பத்து நாளில் வெட்டுக்கு நின்றது. முட்டுக் கொடுத்த மரங்கள், ஒவ்வொன்றிலும் ஆள் தூக்க முடியாத தார். ஓடையை மூடிய இடம் தோட்டத்தைவிட மேடாகிவிட்டது. தண்ணீர் வடிய வேண்டுமென்றால் அந்த மேட்டை வெட்டித் தோட்டத்துக்குள்தான் விட வேண்டும். வேறு வழி இல்லை.

“இறங்கி வாப்பா” என்று மட்டும் சொன்னார். லாரிப் பாதையின் நடுவில் முதல் வெட்டை அவரே போட்டார்.

மோட்டார் ரூமில் கிடந்த இன்னொரு மம்பட்டியை நான் எடுத்துக்கொள்ள, இருவரும் வெட்டினோம். முதலில் கையகலத்துக்கு ஓடிய தண்ணீர், வெட்டின மண்ணைத் தானே அறுத்துக்கொண்டு அகலமாகிப் பாய்ந்தது. முதல் வரிசை மரங்கள் சாய்ந்தன. பச்சைத் தார்கள் சேற்றில் போய் விழுகிற சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பாலத்தின் வாய் வெளியே தெரிந்தது. தோட்டத்தில் பாதி படுத்திருந்தது.

தேனியிலிருந்து செக்‌ஷன் இன்ஜினியர் ஆட்களோடு வந்து சேர்ந்தார். கரைந்த இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, ரயிலை ஆள் நடக்கிற வேகத்தில் விடச் சொன்னார். பெட்டி பெட்டியாகப் பாலத்தைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்து ஒரு பெண் குழந்தை எங்களுக்குக் கையை ஆட்டியது. அண்ணனும் மம்பட்டியைத் தூக்கி ஆட்டினார். கரை நின்றுவிட்டது. நான் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய ஆள் சேற்றோடு என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு இன்ஜினியர் கீழே இறங்கி வந்தார். சின்ன வயதுக்காரர்தான், ஆனால் கண் கூர்மை. வெட்டின இடத்தில் இருந்த கொட்டு மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“இது ரயில்வே ஓடை. மண்ணைக் கொட்டி மூடியிருக்கு. யார் மூடினது?”

“நாந்தாங்க” என்றார் அண்ணன்.

“யாரைக் கேட்டு மூடினீங்க?”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரையும் கேக்கலங்க” என்றார்.

பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். தோட்டம் அவருடையது, மண் அவருடையது, பேச்சும் அவருடையது. சுத்தியலோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பாதித் தோட்டத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற மனிதர், மீதிப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“என்னையத்தேன் கேட்டாக சார்” என்றேன். “மூடச் சொன்னது நாந்தேன். பாலம் கட்டும்போது பொய் சொன்னதும் நாந்தேன்.”

இன்ஜினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு உரிய மெமோ பிறகு எனக்கு வந்தது, நியாயமாகத்தான் வந்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு அவர் முகம் நினைவில்லை. அண்ணன் முகம்தான் நினைவிருக்கிறது. குலை தள்ளிய மரங்கள் சாய்ந்தபோது ஒரு வார்த்தை பேசாத மனிதர், மம்பட்டியைத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டு என் மேல் பாய்ந்தார்.

“ஒனக்குக் கிறுக்காப்பா புடிச்சிருக்கு? நான் ஒருத்தன் நட்டப்பட்டாப் பத்தாதா? புள்ளகுட்டிக்காரன் நீயி எதுக்குய்யா கூட வந்து விழுகுற?”