கீழே கார்ட்டன், மேலே கடல்

‘கோரல்’ மறுபடியும் திரும்பி வந்த அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வரி. நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம்மூர் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். டி-ஷர்ட்டுக்கு என்ன நிறம் என்று முடிவாக, முதலில் உள்ளங்கை அளவுத் துணியில் சாயம் ஏற்றி பையருக்கு அனுப்ப வேண்டும். இந்த பையர் கேட்ட நிறத்தின் பெயர் கோரல். அதாவது பவளம்.

அனுப்பினோம். ரொம்பச் சிவப்பு என்றார். குறைத்து அனுப்பினோம். ரொம்ப ஆரஞ்சு என்றார். அடுத்ததற்கு வந்த பதில்தான் உச்சம் – ‘உயிரோட்டம் இல்லை.’

டையிங் மாஸ்டர் அந்தத் துண்டுத் துணியை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ஏனுங் மேடம், நீங்க நெசக் கோரலைப் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங் மாஸ்டர். நீங்க?”

“மாலையில கோத்த பவளத்தைத்தானுங்க பாத்திருக்கறேன். அதுக்கு ஏதுங்க உசுரு?”

யோசித்துப் பாருங்கள். கடலே இல்லாத ஊர். உயிருள்ள பவளத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு லோடு துணிக்கு அதன் நிறத்தை ஏற்ற வேண்டும்! ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது சிக்னலில் நின்றிருந்தேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நகரவில்லை. ஏனென்றால் அந்த விநாடியில்தான் தோன்றியது… வீட்டிலேயே ஒன்றை வளர்த்துப் பார்த்தால் என்ன?

வளர்க்கலாம். சின்னக் கண்ணாடித் தொட்டிக்குள் கடலையே உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் கடலில் இல்லை. வீட்டில் இருந்தது. நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே அப்பாவின் பேக்கிங் யூனிட். பெரிய கம்பெனிகளிலிருந்து வருகிற துணிகளை அயர்ன் செய்து, பாலிதீன் கவரில் போட்டு, கார்ட்டன் பெட்டியில் அடுக்கி அனுப்புகிற வேலை. எங்கள் ஹாலில் தொட்டி வைக்கத் தோதாக இருந்தது ஒரே இடம் – கனத்தைத் தாங்க அடியில் பீம் ஓடுகிற சுவரோரம். அதற்கு நேர் கீழேதான் கார்ட்டன்கள் கூரையைத் தொடுகிற உயரத்துக்கு நிற்கும். ஒரு கார்ட்டன் நனைந்தால் அந்தப் பெட்டியோடு போகாது. மொத்தச் சரக்கையும் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்பாவின் பேரும் கூடவே நனைந்துவிடும்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“ஊரே தண்ணியில இருந்து உப்பை எடுக்கறதுக்குப் படாதபாடு படுது. நீ நல்ல தண்ணியில உப்பைக் கொட்டறேங்கிறயா, அம்மிணி?”

சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கத் திணறுகிற ஊர்க்காரருக்கு இதைவிடப் பெரிய கிறுக்குத்தனம் இருக்க முடியுமா? அம்மா எனக்காகக் கொஞ்சம் பேசினார். நான் நிறையப் பேசினேன். கடைசியில் அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒரு சொட்டு கீழே இறங்கினால் அன்றைக்கே தொட்டி வெளியே போய்விட வேண்டும். சொன்னதோடு விடவில்லை. மறுநாளே, தொட்டி வரப்போகிற இடத்துக்கு நேர் கீழே இருந்த கார்ட்டன்களை எல்லாம் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார். நெருக்கியடித்த குடோனில் அந்த ஓர் இடம் மட்டும் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்கிற போதெல்லாம் என் மேல் இவருக்கு இவ்வளவுதானா நம்பிக்கை என்று சுருக்கென்றது. சரி… அந்த இடத்தில் மறுபடியும் கார்ட்டன் ஏற வேண்டும். அதுதான் இனி என் ஆர்டர் என்று முடிவு செய்தேன்.

ஸ்டாண்டுக்கு அனுப்பர்பாளையத்தில் ஃபேப்ரிகேஷன் கடை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணனைப் பிடித்தேன். எங்கள் கம்பெனிக்குத் துணி வெட்டும் மேசை செய்து தருகிறவர் அவர்தான். நான் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் போனில் கேட்ட முதல் கேள்வி, இதில் எத்தனை பேர் நின்று கட்டிங் போடுவார்கள் என்பது. யாரும் நிற்க மாட்டார்கள், மீன் நீந்தும் என்றேன். அப்புறம், மீனுக்கு எதற்கு இத்தனை கனமான இரும்பு என்றார். மீனுக்கு இல்லை, தண்ணீருக்கு. மூன்றடித் தொட்டி நிறைந்தால் இரண்டு மூன்று ஆள் கனத்துக்கு மேல் வரும். விளக்கினேன். ஒப்புக்கொண்டார். போனை வைக்கும் முன் நான் சொன்ன கடைசி வாக்கியத்தை மட்டும் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். “அளவு அரை இன்ச் முன்ன பின்ன இருந்தாப் பரவால்லைங்ணா.”

பிளம்பிங் ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. உங்கள் வீட்டு சம்ப்பும் மொட்டை மாடி டேங்க்கும்தான். மேலே மீன் இருக்கும் தொட்டி. ஸ்டாண்டுக்குள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு தொட்டி – அதுதான் சம்ப். மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் ஒரு பைப் வழியாகக் கீழே வரும். வடிகட்டிச் சுத்தமானதும் மோட்டார் அதை இன்னொரு பைப்பில் மேலே தள்ளும். நாள் பூராவும் இதே சுற்று. பிவிசி பைப்பை அறுத்தேன், பசை தடவினேன், வளைவுகளில் எல்போ மாட்டினேன். நகத்தில் பசை ஒட்டி ஆபீசுக்குப் போனேன். மீட்டிங்கில் பையரின் ஆள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த டிசைனாக இருந்தாலும் நாங்கள் நேராக ஆயிரம் பீஸ் தைத்துவிட மாட்டோம். முதலில் சாம்பிள். ஆகவே எல்லாவற்றையும் மொட்டை மாடியில் பூட்டி, நல்ல தண்ணீரை நிரப்பி ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த முடிவு அது.

தொட்டி நிரம்ப நிரம்பத் தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் தண்ணீர் விளிம்பைத் தொடப் பார்க்கிறது. வலது ஓரத்தில் இன்னும் இடம் இருக்கிறது. மொட்டை மாடி வாட்டமாகத்தானே இருக்கும் என்றார் செல்வராஜ் அண்ணன். வடித்துவிட்டு, ஸ்டாண்டைத் திருப்பிப் போட்டு மறுபடி நிரப்பினோம். சாய்வும் கூடவே திரும்பிக்கொண்டது! டேப்பை வைத்து அளந்தேன். ஒரு கால் சரியாக அரை இன்ச் குட்டை.

“ஏனுங்ணா இப்படி?”

“நீங்கதானுங் மேடம் சொன்னீங்க, அரை இன்ச் பரவால்லைன்னு.”

சொன்னேன்தான். டி-ஷர்ட்டுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறேன். மார்பளவில் அரை இன்ச் கூடலாம், குறையலாம். துணி இழுத்தால் வரும். கண்ணாடி வருமா? ஒவ்வொரு தொழிலும் அதைச் செய்கிறவரின் மனசுக்குள் ஒரு மன்னிப்பு அளவைத் தைத்துவிடுகிறது. கண்டக்டருக்குப் பத்து நிமிடம். எனக்கு அரை இன்ச். தண்ணீருக்கோ அப்படி ஓர் அளவே கிடையாது.

அந்தக் காலை வெட்டி, நீட்டி ஒட்டிவிடலாம் என்றார் அவர். எனக்கு எங்கள் தையல் மெஷின்களின் ஞாபகம் வந்தது. தரை எப்படி இருந்தாலும் ஆடாமல் நிற்க, மேசைக் காலடியில் திருகி ஏற்றி இறக்குகிற போல்ட் இருக்குமே… அதையே, இந்தக் கனத்தைத் தாங்குகிற தடிமனில், நான்கு காலிலும் வைக்கச் சொன்னேன். வைத்தார். ரசமட்டத்தின் குமிழி நட்ட நடுவில் வந்து நின்றபோது நான் போட்ட விசில் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். இப்போது அவர் செய்கிற கட்டிங் டேபிளுக்கும் அதே காலைத்தான் வைக்கிறார். ஐடியா யாருடையது என்று கேட்கிறவர்களிடம் என் பேரைச் சொல்கிறாரா? தெரியாது.

அடுத்து ஓட்டம். மோட்டார் போட்டேன். அருமையாகச் சுற்றியது. நம் ஊரில் கரண்ட் போகாமலே இருக்குமா? அதையும் பார்த்துவிடலாம் என்று சுவிட்சை அணைத்தேன். அங்கேதான் வந்தது வினை. மோட்டார் நின்றதும், மேலே தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்த பைப் அப்படியே தலைகீழாக வேலை செய்ய ஆரம்பித்தது. கேனிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சிவிட்டால் தானே இறங்குமே, அப்படி… தொட்டித் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்க, சம்ப் நிரம்பி வழிந்து, மாடியெல்லாம் ஓடி, தூம்பு வழியாகக் கொட்டியது. எங்கே? கீழே வாசலில். அங்கே வேன் நின்றிருந்தது. கார்ட்டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் செருப்புதான் நனைந்திருந்தது.

“இதே ஹால்ல நடந்திருந்தா?” என்று மட்டும் கேட்டார்.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆனால் பதில் ரொம்பச் சின்னது. நிஜமாகவே சின்னது – ஒரு ஓட்டை. அந்தப் பைப்பில், தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளை போட்டால் போதும். தண்ணீர் இறங்க ஆரம்பித்ததுமே துளை வெளியே தெரியும், காற்று புகும், உறிஞ்சல் அறுந்துவிடும். துளைத்தேன். சுவிட்சை அணைத்தேன். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. ‘சொர்ர்’ என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. சம்ப்பில் இன்னும் நாலு விரல் இடம் பாக்கி! கார்ட்டனில் எழுதுகிற கறுப்பு மார்க்கரால் அந்த மட்டத்தில் சம்ப்பின் கண்ணாடி மேல் ஒரு கோடு போட்டேன். கரண்ட் போனால் தண்ணீர் இதுவரை வரலாம். தாண்டக் கூடாது.

தொட்டி ஹாலுக்கு வந்தது. ஆர்ஓ தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்தேன். கல் அடுக்கினேன். அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியேறும் வரை உயிர் எதையும் விடக் கூடாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கல்லைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அம்மா சளைக்காமல் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார் – “மீனெல்லாம் லீவுல போயிருக்குதுங்க.”

பிறகு ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் வந்தன. குனிந்து ரொம்ப நேரம் பார்த்த அப்பா, இந்தப் பக்கப் பட்டையும் அந்தப் பக்கப் பட்டையும் மேட்ச் ஆகவில்லை, பீஸ் ரிஜெக்ட் என்றார். கடைசியாகப் பவளம். கடலிலிருந்து பவளத்தைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம், யாரும் முயல வேண்டாம். எனக்குக் கிடைத்தது கோவையில் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்து, பிரித்துக் கொடுத்த மென்பவளத் துண்டு. முதல் நாள் ஊதா ரப்பர் மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்க்கிறேன்… ஊதாவுக்குள்ளிருந்து பச்சை இழைகளை முழுக்க விரித்து, புல்வெளி காற்றில் ஆடுவது மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வாயில் நுரையோடு கத்தினேன்.

ஆனால் கீழே அந்த இடம்? இன்னும் காலியாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம். ஆபீசில் இருக்கிறேன். அம்மாவிடமிருந்து போன். காற்றும் மழையும், கரண்ட் போய்விட்டது, எப்போது வரும் என்று தெரியாது. பைப்பில் போட்ட அந்தத் துளையில் பாசி அடைக்கும். ஞாயிறுதோறும் பழைய நிட்டிங் ஊசியால் குத்திச் சுத்தம் செய்வேன். இந்த ஞாயிறு செய்தேனா? கோபியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே! ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அந்த மழையிலும் மனசுக்குள் ஓடியது ஒரே படம்தான் – கூரையிலிருந்து சொட்டி, தரையெல்லாம் ஓடிக் கார்ட்டன்களை நனைக்கிற தண்ணீர்.

நனைந்துகொண்டே மாடியேறினேன். ஹாலில், ஸ்டாண்டின் கதவைத் திறந்துவைத்து, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. ஒரு கையில் டார்ச். மடியில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் – எதைத் துடைப்பதென்றாலும் எங்கள் ஊர் ஆயுதம் அதுதான். கரண்ட் போனதுமே மேலே ஏறி வந்தவர் அங்கிருந்து நகரவில்லையாம். நான் மூட்டையைப் பார்த்தேன். ஒரு துணிகூட நனையவில்லை.

டார்ச் வெளிச்சம் கறுப்புக் கோட்டின் மேல் நின்றது.

“கோட்டைத் தாண்டலை, கண்ணு,” என்றார். அப்புறம், “நீ போய்த் தலையைத் துவட்டு. நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பி இறங்கினால், கீழே வழி குறுகலாக இருந்தது. தொட்டிக்கு நேர் கீழே, கூரை வரைக்கும் கார்ட்டன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் போகும்போதுதான் சத்தமாகச் சிரித்தேன்.

டையிங் மாஸ்டரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். “உசுரு இருக்குதுங்க மேடம். ஆனா இது பச்சைங்களே?” என்றார். நியாயமான கேள்வி. அதனால் அடுத்து, கோரல் நிறத்திலேயே ஒரு கோரலை வளர்க்கப் போகிறேன். விரிந்ததும் போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

ரொம்ப ஆரஞ்சு என்பார்… பார்த்துக்கொள்ளலாம்.