அக்கா தேடிச் சேர்த்த ஆங்கிலச் சொற்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு அவர் இங்கிலீஷில் கெட்டிக்காரர் என்பது தெரியும். அதற்காக அவர் பட்ட பாடு, தம்பியாகிய எனக்குத்தான் தெரியும்.

அக்கா சேலத்துக்கு மேலே மலைக்கிராமமான மஞ்சக்குட்டையில் பிறந்தவர். அப்பா காப்பி எஸ்டேட் மேஸ்திரி. அம்மா எங்கள் சிறுவயதிலேயே காலமாகிவிட்டார். தமிழிலேயே பள்ளிப்படிப்பை முடித்த அக்கா, சேலத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தபோது வகுப்பில் ஒரு வரியும் விளங்காமல் தவித்தார். விடுமுறைக்கு வந்தவர் என்னிடம், "எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் சிரிச்சேன் சாமி. எதுக்குன்னே தெரியல" என்றார்.

அகராதியை உருப்போடும் வழக்கம் அவருக்கு இல்லை. பாடத்தில் புதுச்சொல் ஒன்று வந்தால், அதிலிருந்து பிறக்கும் மற்றச் சொற்களையும் தேடுவார். எங்கள் காப்பிச் செடியையும் மிளகுக் கொடியையும் வைத்து அவற்றுக்கு வாக்கியம் அமைப்பார். பஸ் ஏற ஒண்டிக்கடைக்கு நடக்கும் வழியெல்லாம் அவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார்.

பின்னர் மிளகுக்கொடியின் வாடல் நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். மொழி போதாது என்று முதல் இயல் திரும்பி வந்தது. அழுதார், மறுபடி எழுதினார். "நிரூபிக்குதுன்னு எழுதப்படாதாம் சாமி. இப்படித் தோணுதுன்னு சொல்றதுக்கே அவங்ககிட்ட எத்தன வார்த்தை பாரு" என்று வியந்தார். ஆய்வேட்டை ஒப்படைத்து, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தபோதுதான் வயிற்றுவலி வந்தது.

சேலத்து மருத்துவமனையில் ஒரு நாள் காலை, பெரிய மருத்துவர் அக்காவின் கட்டிலருகே நின்று உடனிருந்த இளம் மருத்துவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அப்பா, "என்ன கண்ணு சொல்றாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"மருந்த மாத்திக் குடுக்கறாங்களாமுங்கப்பா. சீக்கிரம் ஊட்டுக்குப் போலாமுங்க."

பிறகு அக்கா மருத்துவரைப் பார்த்து ஆங்கிலத்தில், இன்னும் மாதக்கணக்கா வாரக்கணக்கா என்று நிதானமாகக் கேட்டார். மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பதில் சொன்னார். அக்கா இன்னும் ஏதேதோ கேட்டார். அப்பாவோ பக்கத்துக் கட்டில்காரரிடம், "எம்பொண்ணுங்க. டாக்டருக்குச் சமமா இங்கிலீஸ் பேசுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா டீ வாங்கப் போனதும் கேட்டேன். "இனி வைத்தியம் இல்லையாம் சாமி. வலி தெரியாமப் பாத்துக்குவாங்களாம். அப்பாகிட்டச் சொல்லீராத. கொஞ்ச நாளாச்சும் அவரு தூங்கட்டும்" என்றார்.

சில வாரங்களில், மஞ்சக்குட்டை வீட்டில், அக்கா கண்மூடினார். வாய்மொழித் தேர்வு நடக்கவேயில்லை. அடக்கம் முடிந்து வந்தபின் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எனக்கும் அந்த இங்கிலீஸ் புரிஞ்சிருந்தா, கூட உக்காந்து அழுதிருப்பனே சாமி. தனியா வெச்சுக்கிட்டுப் போயிருச்சே" என்றார்.

அக்காவை மடியில் தாங்கி ஜீப்பில் மலையேற்றிக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கடைசி வரை வந்து பார்த்த கல்லூரித் தோழியருக்கும், ஜெபத்தில் உடனிருந்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்கா கேட்ட எந்தக் கேள்விக்கும் பொய் சொல்லாத அந்த மருத்துவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.