சத்தம் போடாத பம்பு

“அந்தக் கிராணி வீட்டுப் பொண்ணு பங்களாவுல என்னதான் வேலை செய்யுது?”

“துரைசாணி வாயில வர்றதைத் தமிழ்ல துப்புது. அதுக்குச் சம்பளம்லா.”

தண்ணீர் குடிக்கலாம் என்று குசினிப் பக்கம் போனபோது காதில் விழுந்த பேச்சு இது. கேட்டவர் பூச்செடிகளைப் பார்த்துக்கொள்ளும் மாரிமுத்து. பதில் சொன்னவர் சமையல்காரர் அந்தோணி. நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

இரண்டு பேருக்கு நடுவே நின்று பேசுவது என் தொழில். இந்தத் தொழிலில் பேச்சு மற்றவர்களுடையது, வெட்கம் மட்டும் நம்முடையது. கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ கடையிலோ இதே பிழைப்பு நடத்துகிற வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு, மலாயாவில் ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாகக் கணக்கு வழக்கு பார்க்கும் என் மாமா வீட்டுக்கு வந்தேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவும், அவருக்காக ஆட்களிடம் பேசவும் ஒரு பெண் வேண்டும் என்றார்கள். மாமா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கக் கூசுகிறவளுக்கு வாயே வேலையாகிவிட்டது.

தமிழ்ப் பாடம் சில வாரங்களில் நின்றுபோனது. துரைசாணிக்கு மீன் வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. பங்களாக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, சிங்கப்பூரிலிருந்து பொன்னிற மீன்களை வரவழைத்தார். இந்த ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் சூடேறி, மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. தண்ணீருக்குள் காற்று செலுத்த ஒரு பம்பு வேண்டும் என்று துரைசாணி சொன்னார். அந்தப் பம்பைத் தேடிய கதைதான் இனி வருவது.

இஞ்சின் டிரைவர் கேட்டது

முதலில் வந்தது மின்சாரப் பம்பு. பங்களாவுக்கு வெளிச்சம் தரும் இஞ்சின் சாயங்காலம் மட்டும்தான் ஓடும். மீன்களுக்காக அது பகலிலும் ஓடத் தொடங்கியது. பம்பும் இஞ்சினும் போட்ட சத்தத்தில் அலமாரியிலிருந்த பீங்கான் கிண்ணங்கள் கிடுகிடுத்தன. துரைசாணிக்கு மதியத் தூக்கம் போயிற்று. எண்ணெய்ச் செலவைப் பார்த்துத் துரைக்குக் கோபம் வந்தது. எண்ணெய் குறைவாகவும் சத்தமில்லாமலும் ஓட்டும்படி இஞ்சின் டிரைவர் சவரிமுத்துவிடம் சொல்லிவர என்னை அனுப்பினார்கள்.

இஞ்சின் கொட்டகை வாசலில் நின்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து நான் கத்தியதில்லை. அன்று கத்தினேன். “சத்தம் போடாமல் ஓட்டணுமாம்!” என்று நான் கத்தியதைக் கேட்டு பக்கத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பங்களாவுக்குத் திரும்பி, “இஞ்சின் பழையது, முடியாதாம்” என்று மட்டும் துரைசாணியிடம் சொன்னேன். சவரிமுத்து உண்மையில் சொன்னது இது:

“நாலு மீனு மூச்சு விடப் பகலெல்லாம் இஞ்சின் ஓடணும். நாங்க குடியிருக்கிற லயத்துல எம் பொஞ்சாதி இருட்டுல சோறு வடிக்கிறா, அவளுக்கு ஒரு பல்பு கிடையாது. இதையும் அப்படியே இங்கிலீசுல சொல்லுங்க டீச்சரம்மா, பார்ப்போம்!”

சிரம்பான் கடையில்

பிறகு சிரம்பானுக்குப் போனோம். துரைசாணி காரிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைக் கடைக்குள் அனுப்பினார். சைக்கிள், விளக்கு, ரப்பர்க் குழாய் எல்லாம் விற்கும் கடை. முதலாளி நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், எல்லாரும் அவரை நானா என்று கூப்பிட்டார்கள். கடை நிறைய ஆண்கள். நான் தரையைப் பார்த்தபடி, சத்தம் போடாத, எண்ணெயோ மின்சாரமோ கேட்காத, பகல் முழுதும் நிற்காமல் வேலை செய்கிற பம்பு வேண்டும் என்றேன்.

நானா கொஞ்சம் யோசித்து, உள்ளேயிருந்து மோட்டார் வண்டிச் சக்கரத்தின் பழைய டியூபையும், காலால் மிதிக்கும் காற்றுப் பம்பையும் கொண்டுவந்தார். டியூபில் காற்றை அடைத்து, அதன் வாயில் மெல்லிய குழாயைச் செருகி, குழாயின் மறு நுனியைத் தொட்டிக்குள் விட்டால் காற்று குமிழ் குமிழாகப் போகும். டியூப் தளர்ந்ததும் மறுபடி மிதித்து நிரப்ப வேண்டும். ஒரு சத்தமும் வராது. நான் நன்றி சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினேன். நானா பின்னாலிருந்து கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“நீங்க கேட்ட மாதிரி சத்தம் போடாம, எதுவும் கேட்காம உழைக்கிறது மிசின்ல கிடையாது தங்கச்சி. மனுசன்லதான் உண்டு!”

முக்காலி

டியூப் பழையது. கொஞ்ச நேரத்துக்கொரு முறை தளர்ந்துவிடும். மிதிப்பதற்கு ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரப்பர் மரங்களில் பால் வெட்டும் வெட்டுக்காட்டிலிருந்து அஞ்சலையை அனுப்பினார்கள். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகியும் அவளுக்கு உடம்பு தேறவில்லை, மேட்டில் ஏறிப் பால் வெட்ட முடியவில்லை. லேசான வேலை கொடுக்கும்படி தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொல்லியிருந்தார். தொட்டிக்குப் பின்னால் ஒரு துணித்திரை கட்டி, திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து அவள் மிதித்தாள்.

முதல் இரண்டு நாளும் அவளுக்கு ஒரே சந்தோஷம். “கொசுக்கடி இல்லை, அட்டை இல்லை, கங்காணி ஏச்சு இல்லை. மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கேன் டீச்சரம்மா” என்பாள். குண்டு மீனுக்குத் தன் கங்காணியின் பெயரை வைத்து, “மூச்சு விடுங்க கங்காணி, மூச்சு விடுங்க” என்று மிதிப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

மூன்றாம் நாள்தான் கேட்டாள். பெண் குழந்தை பங்களா மேட்டின் அடிவாரத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருந்தது. வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் ரப்பர்ப் பால் கொண்டுவந்து ஸ்டோரில் ஊற்றிய கையோடு அங்கே போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். அவளுக்கும் அந்த வழக்கம்தான். ஆனால் அவள் மேட்டிலிருந்து இறங்கிப் போய்த் திரும்புவதற்குள் டியூப் காலியாகிவிடும். முந்தின நாள் அப்படிப் போனபோது ஒரு மீன் மல்லாந்துவிட்டது. பிள்ளையை இங்கேயே பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் துரைசாணியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டி, அன்பாகத்தான் சொன்னார்:

“குழந்தை என்றால் அழும். இவ்வளவு பாடுபட்டதே கூடத்தில் சத்தம் இருக்கக்கூடாது என்பதற்குத்தானே?”

விருந்தாளி அம்மாள்

தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு துரையின் மனைவி வந்திருந்தார். தொட்டியருகே குனிந்து மீன்களைப் பார்த்தார். குமிழ்களைப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். “ஒரு சத்தமும் இல்லையே! எங்கள் பம்பு ரயில் மாதிரி இரைகிறது. இது எந்த ஊர்ச் சரக்கு?” என்றார். எங்கள் துரைசாணி சிரித்துக்கொண்டே, “உள்ளூர்தான். செலவே கிடையாது” என்றார். இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரை காற்றில் ஆடி அஞ்சலையின் முழங்கால் வெளியே தெரிந்ததை அந்த அம்மாள் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

நான் திரைக்குப் பின்னால் போனதும் அஞ்சலை, “என்ன சொன்னாங்க டீச்சரம்மா?” என்று கேட்டாள்.

“மீன் அழகாக இருக்காம்.”

அவள் மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்:

“அவ்வளவுதானா? பம்பு எப்படியிருக்குன்னு ஒண்ணும் சொல்லலையா?”

டின் பால்

அதன் பிறகு அஞ்சலை பகலில் பிள்ளையிடம் போக முடியவில்லை. ஆயாக் கொட்டகையில் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கவில்லை. வயிற்றுப்போக்கு கண்டது. அஞ்சலை இப்போது மீன்களோடு பேசுவதில்லை. பதினோரு மணிக்கெல்லாம் அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்துவிடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மிதிப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பிக்கொண்டால் ஜன்னல் வழியாக அடிவாரத்துக் கொட்டகையின் தகரக் கூரை தெரியும்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று துரைசாணியிடம் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். உடனே அலமாரியைத் திறந்து, தம் வீட்டுக்கு வைத்திருந்த டின் பாலை எடுத்துக் கொடுத்தார். நானே அதைக் கொண்டுபோனேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று வழியெல்லாம் ஒரு நிம்மதி. கொட்டகையில் ஆயா பாலைக் கரைத்துப் புகட்டினாள். குழந்தை என் கண்ணெதிரே அவ்வளவையும் கக்கிவிட்டுத் தலை சாய்த்தது. அங்கே வந்திருந்த டிரசர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்:

“இது வேண்டாம்மா. தாய்ப்பால் உள்ளே போனா பிழைக்கும். தாய் எங்கே, மேல மீனுக்குக் காத்து ஊதிக்கிட்டு இருக்காளா?”

டென்னிஸ் நாள்

சனிக்கிழமை பங்களாவில் டென்னிஸ். நாலைந்து தோட்டத்துத் துரைமார்களும் அவர்கள் மனைவிமார்களும் வந்திருந்தார்கள். துரையிடம் கையெழுத்து வாங்க மாமா கோட்டும் தொப்பியுமாக வராந்தாவில் நின்றிருந்தார். ஆட்டம் முடிந்து எல்லாரும் தேநீருக்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்த நேரத்தில், ஆயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேடேறிக் குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். அந்தோணிதான் வந்து திரைக்குப் பின்னால் எங்களிடம் சொன்னார்.

அஞ்சலை மிதித்தபடியே குசினிப் பக்கம் காதைத் தீட்டினாள். மிதிப்பதை நிறுத்தினாள். மறுபடி காது கொடுத்துக் கேட்டாள்.

“சத்தமே வரலையே டீச்சரம்மா. காலையில கொட்டகையில விடும்போது அழுதுச்சு. இப்போ சத்தமே போடலையே.”

“இரு, கேட்டு வருகிறேன்” என்றேன்.

கூடத்தின் நடுவே அத்தனை பேர் காலையும் பார்த்துக்கொண்டு நடந்து போய்த் துரைசாணியின் காதருகில் சொன்னேன். அவர் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் மீனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றார். “இவர்கள் போனதும் அவள் போகட்டும். இன்னும் கொஞ்ச நேரம்தானே? நீ பக்குவமாகச் சொல். உனக்குத்தான் அதெல்லாம் அழகாக வருமே” என்றார்.

திரைக்குப் பின்னால் திரும்பி வந்தேன். அஞ்சலை என் வாயையே பார்த்தாள். இத்தனை நாளும் அவள் அப்படித்தான் பார்ப்பாள், நானும் எதையாவது பக்குவமாகச் சொல்வேன். அன்று அவள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

“விட்டுட்டுப் போனா மீனு செத்துடுமே, டீச்சரம்மா. அப்புறம் என்னை மறுபடி வெட்டுக்காட்டுக்கு…”

“போ” என்றேன்.

அவள் எழுந்த வேகத்தில் திரை கழன்று விழுந்தது. அவள் நனைந்த ரவிக்கையோடு விருந்தாளிகளுக்கு நடுவிலேயே குசினிக்கு ஓடினாள். எல்லாரும் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். நான் செருப்பைக் கழற்றினேன். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

“எழுந்திரு, எல்லாரும் பார்க்கிறார்கள்” என்றார் துரைசாணி இங்கிலீஷில்.

“எழுந்திரும்மா” என்றார் மாமா வராந்தாவிலிருந்து, தமிழில்.

நான் பம்பில் காலை வைத்து மிதித்தேன்.